ஃபைபர் கிளாஸ் விலங்குச் சிலைக்கு வண்ணம் தீட்டுவது எப்படி?

1998இல் சூரிச் நகரத் தெருக்களில் ஃபைபர் கிளாஸ் மாடுகளை நிறுத்தினார்கள். ஒவ்வொரு மாடும் ஒவ்வொரு ஓவியர் கையில் வேறு வேறு வேடம் கட்டியிருந்தது. மறு வருடமே சிகாகோவிலும் மாடுகள் இறங்கின. அப்புறம் யானை, கரடி என்று ஊருக்கு ஊர் பரவிவிட்டது. உங்கள் முன்னாலும் ஐராவதம் போல வெள்ளை வெளேரென்று ஒன்று நிற்கிறதா? சரி, பிரஷ்ஷைக் கீழே வையுங்கள்.

1. கழுவுங்கள். அச்சிலிருந்து சிலை சுலபமாகக் கழன்று வர மெழுகு பூசுவார்கள். அந்த மெழுகு மிச்சமிருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. என் முதல் யானையில் இந்த வேலையைச் சோம்பலில் விட்டேன். இரண்டே மாதத்தில் காது மடல் தோல் உரிந்தது. சோப்புத் திரவத்தால் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்தபின் அசிட்டோன் நனைத்த துணியால், துணியை மாற்றி மாற்றி, துடைத்தெடுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. உப்புத்தாளை அதற்கு முன் தொட்டால், மெழுகைக் கீறல்களுக்குள் திணித்ததுதான் மிச்சம்.

2. தேயுங்கள். 220ஆம் எண் உப்புத்தாளால், பளபளப்பு மங்கும் வரை. ஃபைபர் தூள் தோலில் பட்டால் அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. ஆகவே முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. ஊசித் துளைகளைப் புட்டியால் அடைத்துவிட்டு, பிரைமரை மெல்லியதாக இரண்டு கோட் அடியுங்கள்.

3. வரையுங்கள். காகிதத்தில் அழகாக இருந்த படம் வயிற்று வளைவில் கோணிக்கொள்ளும். எனவே சாக்பீஸால் சிலைமீதே வரைந்து, சுற்றிச் சுற்றி நடந்து பாருங்கள். ஒருமுறை முட்டி போட்டும் பாருங்கள். குழந்தைகள் கண்ணுக்கு முதலில் படுவது அடிவயிறுதான். அதை வெறுமையாக விடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும்.

4. தீட்டுங்கள். அக்ரிலிக் போதும். சொட்டினால் கீழே விழும் என்பதால் முதுகிலிருந்து தொடங்குங்கள். ஃப்ளோரசன்ட் நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், வேண்டாம்.

5. கிளியர் கோட், அதாவது நிறத்தைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சு. அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கும் இடம் இது. பெயிண்ட் சில நாட்கள் நன்றாகக் காயட்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷை மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஈரக்காற்று அடிக்கும் நாளில் பூசினால் பால் ஊற்றியதுபோல் வெளிறிப்போகும். மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருந்தால், அதே மார்க்கரை ஒரு பழைய பலகையில் கிறுக்கி அதன்மேல் வார்னிஷைச் சோதியுங்கள். மை கரைந்து ஓட வாய்ப்பு அதிகம். குழந்தைகள் ஏறி விளையாடும் சிலை என்றால் காருக்கு அடிக்கும் இரட்டைக் கலவை பாலியூரித்தேன் உறுதியானது. ஆனால் அதன் புகை ஆபத்து. முறையான சுவாசக் கருவி வைத்திருக்கும் கார் பெயிண்டரிடம் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

சிலையை அனுப்பும் முன், பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் சின்னச் சின்ன டப்பாவில் ஊற்றி, எந்தப் பாகத்துக்கு என்று எழுதி வையுங்கள். முதல் கீறல் லாரியிலேயே விழும்.