14 முதல் 27 வாரம் வரை: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்க் கர்ப்பிணிகளுக்கு

கர்ப்ப காலத்தில் நடுவில் வரும் இந்த மூன்று மாதங்கள்தான் உடம்புக்குச் சற்று லேசானவை. வாந்தி அடங்கும், சாப்பாடு உள்ளே இறங்கும், தூக்கமும் வரும். அதனாலேயே, "இப்போதான் வந்திருக்கோம், வீடு வேலையெல்லாம் செட்டில் ஆகட்டும், டாக்டரை அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடத் தோன்றும். அப்படித் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கட்டத்துப் பரிசோதனைகள் ஒவ்வொன்றுக்கும் இத்தனையாவது வாரத்துக்குள் என்று கெடு உண்டு. கெடு போனால் சில சோதனைகளைத் திரும்பச் செய்யவே முடியாது. இன்னும் எங்கும் பதிவு செய்யவில்லை என்றால், வங்கிக் கணக்குக்கும் முன்னால் முடிக்க வேண்டிய வேலை இதுதான்.

வாரக் கணக்கு

நாம் மாதத்தில் பேசுவோம், மருத்துவமனையில் வாரத்தில் பேசுவார்கள். "அஞ்சு மாசம்" என்றால் ஐந்து முடிந்ததா, ஐந்தாவது நடக்கிறதா என்பது கேட்பவருக்குப் புரியாது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி, "18 வாரம் 3 நாள்" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அது பொக்கிஷம். பிரசவ தேதியைக் கணிக்க அதைவிட நம்பகமானது வேறில்லை. 20 வாரத்தை ஒட்டி எடுக்கும் ஸ்கேனில் தேதி பத்து நாள் வரை முன்னே பின்னே போகலாம். ஆகவே இங்கே எடுக்கும் ஸ்கேனை வைத்து யாராவது தேதியை மாற்றினால், பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுங்கள்.

தேதி எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். 05/04 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 5, சிலவற்றில் மே 4. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினால் ஒரு மாதக் குழப்பத்தைத் தவிர்க்கலாம்.

ஒரு பக்கத் தாள்

பழைய ஃபைலை அப்படியே மேசையில் வைத்தால் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரே பக்கத்தில் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: கடைசி மாதவிடாய்த் தேதி, முதல் ஸ்கேன்படி பிரசவ தேதி, ரத்த வகை (பாசிட்டிவா நெகட்டிவா என்பதோடு), ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் முடிவுகள், போட்ட தடுப்பூசிகள், முந்தைய பிரசவம், கருச்சிதைவு, அறுவை சிகிச்சை, அலர்ஜி. மாத்திரைகளை பிராண்ட் பெயரில் எழுதினால் இங்கே யாருக்கும் தெரியாது. அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதுங்கள். அசல் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும்.

அளவுகளும் மாறும். ரத்தச் சர்க்கரையை மி.கி./டெ.லி. என்று பார்த்துப் பழகியிருப்போம். பல நாடுகளில் மில்லிமோல் கணக்கு. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் நமக்குத் தெரிந்த எண் வரும்: 5.1 என்றால் சுமார் 92. ஹீமோகுளோபின் 108 என்று போட்டிருந்தால் பதறாதீர்கள், அது 10.8தான்.

டாக்டர் எங்கே?

பல நாடுகளில் சிக்கலில்லாத கர்ப்பத்தைப் பார்த்துக்கொள்வது மிட்வைஃப், அதாவது பயிற்சி பெற்ற மருத்துவச்சி. மாதாமாதம் ஸ்கேன் கிடையாது, டாக்டரையே பார்க்காமல் பிரசவம் வரை போவோரும் உண்டு. இது அலட்சியம் இல்லை. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, 24 வாரத்துக்கு மேல் டேப் வைத்து வயிற்றின் அளவு, குழந்தையின் இதயத் துடிப்பு ஆகியவை பார்க்கப்படுகின்றனவா என்பதைக் கவனியுங்கள். அதில் ஏதாவது விட்டுப்போனால் கேளுங்கள். ஸ்கேன் எண்ணிக்கையை ஊரோடு ஒப்பிடுவதில் பலன் இல்லை.

மொழி சிரமமாக இருந்தால், அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். பல இடங்களில் இது இலவசம், போனிலும் கிடைக்கும். கணவரே மொழிபெயர்ப்பது வசதிதான். ஆனால் மனநிலை, வீட்டுப் பாதுகாப்பு, முந்தைய கர்ப்பம் பற்றிய கேள்விகளைத் தனியாகக் கேட்பது வழக்கம். கணவரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொன்னால் அது எல்லோருக்கும் செய்வதுதான், யாரும் கோபப்பட வேண்டியதில்லை.

20 வார ஸ்கேன்

ஊரில் அனாமலி ஸ்கேன் என்று சொல்வது இதைத்தான். 18 முதல் 22 வாரத்துக்குள் செய்வார்கள், அரை மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். மூளை, உதடு, முதுகுத்தண்டு, இதயத்தின் நான்கு அறைகள், வயிறு, சிறுநீரகம், கை கால், நஞ்சுக்கொடி இருக்கும் இடம், பனிக்குட நீர் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பார்கள். எடுப்பவர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அளவெடுக்கும்போது பெரும்பாலோர் அப்படித்தான் இருப்பார்கள்.

குழந்தை குப்புறத் திரும்பியிருந்தால் முகமோ இதயமோ தெரியாது. எழுந்து சற்று நடந்துவிட்டு வரச் சொல்வார்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். "திரும்ப வாங்க" என்பது கோளாறு என்று அர்த்தமில்லை. ஆணா பெண்ணா என்று சொல்லட்டுமா எனச் சில நாடுகளில் கேட்பார்கள். வேண்டாம் என்றால் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் அதிகம் பயமுறுத்தும் வரி, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்பது. கர்ப்பப்பை வளர வளர பெரும்பாலோருக்கு அது வாயிலிருந்து விலகி மேலே போய்விடும். 32 வாரம் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை ரத்தக் கசிவு வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

குரோமோசோம் குறைபாட்டுக்கான ரத்தப் பரிசோதனையை முதல் மூன்று மாதத்தில் தவறவிட்டவர்கள், 15 வாரத்திலிருந்து சுமார் 20 வாரம் வரை வேறொரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இவை வாய்ப்பைத்தான் சொல்லும், முடிவைச் சொல்லாது. வாய்ப்பு அதிகம் என்று வந்தால், உறுதி செய்ய 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுக்கும் பரிசோதனை உண்டு. எதையும் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சர்க்கரைப் பரிசோதனை நாள்

24 முதல் 28 வாரத்துக்குள் இது நடக்கும். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல், ஒல்லியாக இருந்தாலும் விதிவிலக்கில்லை. அதனால் "எனக்கு எதுக்கு" என்று தவிர்க்காதீர்கள். முந்தைய கர்ப்பத்தில் வந்திருந்தால் முன்பே சொல்லுங்கள், இன்னும் சீக்கிரம் பார்ப்பார்கள்.

பல நாடுகளில் ஒரே நாளில் முடிக்கும் முறை இருக்கிறது. முந்தைய இரவிலிருந்து குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. போனதும் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். சில நாடுகளில் முதலில் 50 கிராம் கொடுத்து ஒரு மணியில் மட்டும் பார்ப்பார்கள், அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. அளவுகோல் இடத்துக்கு இடம் மாறுவதால், வேறு நாட்டில் இருக்கும் தோழியின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள்.

கெட்டுப்போவது எப்படி? குடித்ததை வாந்தி எடுத்தால் அன்றைய சோதனை வீண், இன்னொரு நாள் முதலிலிருந்து. குளிரவைத்துத் தரச் சொன்னால் பலருக்கு உள்ளே இறங்கும். இடைப்பட்ட நேரத்தில் கடைவீதி சுற்றக் கூடாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும், நடந்தால் எண் மாறிவிடும். சோதனைக்காக முந்தின மூன்று நாள் மாவுச்சத்தைக் குறைத்துப் பட்டினி கிடப்பதும் தவறு, அது எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். முடிந்தவுடன் சாப்பிட ஏதாவது பையில் இருக்கட்டும்.

சர்க்கரை இருக்கிறது என்று வந்தால் வீட்டில் பார்க்கக் கருவி கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு ஒரு மணியில் 140க்குள் என்பது பொதுவாகச் சொல்லும் இலக்கு. விரலைக் குத்தும் முன் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். பழம் நறுக்கிய கையோடு குத்தினால், பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும்.

மாத்திரைகள்

ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழே இருந்தால் இந்தக் கட்டத்தில் ரத்தசோகை. இரும்பு மாத்திரையைத் தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் போடாதீர்கள், குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளியே போடுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இடைவெளி இன்னும் அதிகம்: அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நடுவே நான்கு மணி நேரம். காலையில் தைராய்டு, மதியம் இரும்பு, இரவு கால்சியம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை. மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயம் வேண்டாம். இரும்பு எடுத்தும் ஏறவில்லை, ரத்த அணுக்களும் சிறியதாக இருக்கின்றன என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டைக் கடத்துபவரா (கேரியர்) என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படி இருந்தால் கணவருக்கும் பரிசோதனை வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பையை ஒரு முறை மருந்தாளுநரிடம் காட்டிவிடுங்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளை 20 வாரத்துக்கு மேல் தானாகப் போடக் கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடும். சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால்தான். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியம், பொடி எதுவும் வேண்டாம்.

எது சாதாரணம், எதற்கு போன் செய்ய வேண்டும்

படுக்கையில் புரளும்போதோ தும்மும்போதோ அடிவயிற்றின் ஒரு பக்கம் சுரீரென்று இழுத்துச் சில நொடிகளில் விடுவது, கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் விரிவதால் வருவது. சட்டென்று எழுந்தால் தலைசுற்றுவதும் இயல்பு, இந்த மாதங்களில் ரத்த அழுத்தம் சற்று இறங்கும். அசைவு 16 முதல் 24 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தெரிய ஆரம்பிக்கலாம். முதல் கர்ப்பத்திலும், நஞ்சுக்கொடி முன்பக்கம் இருப்பவர்களுக்கும் தாமதமாகும். 24 வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். தெரிய ஆரம்பித்த பிறகு வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றைக்கே போன்.

காத்திருக்கக் கூடாதவை: ரத்தக் கசிவு, நீர் கசிவு, விட்டுவிட்டு ஒரே சீராக வயிறு இறுகுவது, அடிவயிற்றில் கீழ்நோக்கிய அழுத்தம், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. 20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்று வலி, முகம் திடீரென்று வீங்குவது ஆகியவை ரத்த அழுத்தம் ஏறியதற்கான அறிகுறிகள். வீட்டில் கருவி இருந்து 140/90 காட்டினால் அதையும் சொல்லுங்கள். நெகட்டிவ் ரத்த வகை உள்ளவர்களுக்கு ரத்தம் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பை உருவாக்காமல் தடுப்பது) தேவைப்படலாம். நின்றுவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள்.

பிரசவப் பிரிவின் 24 மணி நேர எண்ணை இருவர் போனிலும் சேமித்து வையுங்கள். பேசும்போது இந்த வரிசை உதவும்: எத்தனை வாரம், எத்தனையாவது கர்ப்பம், என்ன, எப்போதிலிருந்து, ரத்தமென்றால் என்ன நிறம், பேட் எவ்வளவு நேரத்தில் நனைகிறது, அசைவு இருக்கிறதா. தொந்தரவு கொடுக்கிறோமே என்று "கொஞ்சம் வலிதான்" எனக் குறைத்துச் சொன்னால், அவர்களும் கொஞ்சம்தான் என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வார்கள். கசிவது பனிக்குட நீரா சிறுநீரா என்று தெரியவில்லை என்றால் சுத்தமான பேட் ஒன்றை வைத்துக்கொண்டே போன் செய்யுங்கள், போகும்போது அதைக் காட்டலாம்.

பேச ஆள்

இதே வாரத்தில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் நான்கு பேர் ஏதாவது இணையக் குழுவில் கிடைத்தால் பெரிய பலம். எந்த மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் சட்டென்று கிடைக்கிறார், எந்த வகுப்புக்கு எப்போது பதிய வேண்டும், எந்தத் தலையணை உதவியது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். மருந்து, அளவு, ஸ்கேன் எண் மூன்றையும் அங்கே தீர்மானிக்காதீர்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடுவதானால் பெயர், பிறந்த தேதி, பதிவு எண்ணை மறையுங்கள். யாராவது "இன்னைக்கு அசைவே இல்லை" என்று எழுதினால், "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, சரியாயிடும்" என்பது ஆபத்தான ஆறுதல். "போன் பண்ணிட்டீங்களா?" என்று கேளுங்கள்.

அம்மாவும் அக்காவும் பக்கத்தில் இல்லாத வருத்தம் வந்து வந்து போகும். அழுகை, எதிலும் விருப்பமின்மை, தூக்கமின்மை, பதற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தில் இதற்குச் சிகிச்சை உண்டு, பேச்சு வழியாகவும் மருந்து வழியாகவும். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, அந்த நேரமே சொல்ல வேண்டும்.

28 வாரம் தொடங்கும் முன்

வேலைக்குப் போகிறவர்கள், விடுப்புக்கு எத்தனையாவது வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு, பிரசவ தேதிச் சான்றிதழை வாங்கி வையுங்கள். காப்பீட்டில் வருபவர்கள் பிரசவமும் குழந்தையின் முதல் நாட்களும் சேர்த்தியா என்பதை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள், போனில் சொன்னது பின்னால் நிற்காது. ஊருக்குப் போய் வர நினைப்பவர்களுக்கு இதுதான் ஏற்ற காலம். 28 வாரத்துக்கு மேல் பல விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும். நீண்ட பயணத்தில் காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறையும் நடையும் முக்கியம், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கர்ப்பத்தில் கூடுதல். காரில் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேலும், குறுக்குப்பட்டை மார்புகளுக்கு நடுவிலும் போக வேண்டும். கக்குவான் இருமல் தடுப்பூசி சில நாடுகளில் 16 வாரத்திலிருந்தே, சிலவற்றில் 27க்குப் பிறகு. நெகட்டிவ் ரத்த வகைக்கு வழக்கமான ஆன்டி-டி பெரும்பாலும் 28 வாரம் வாக்கில். இரண்டையும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.