சென்னை–சிங்கப்பூர் இரவு விமானம்: தூக்கத்தைக் கெடுக்கும் தவறுகள்

சென்னையில் இரவு 11 மணிக்குமேல் ஏறினால் காலை 6 மணிவாக்கில் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம். ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சம், லீவிலும் ஒரு நாள் மிச்சம் என்று பலரும் இந்த விமானத்தைத்தான் பிடிக்கிறார்கள். கேட்பதற்கு முழு இரவு மாதிரி இருக்கும். பறக்கும் நேரமோ நாலு மணிக்குச் சற்று மேல்தான். மிச்சம் இரண்டரை மணி நேரம் இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம். அங்கே 6 மணி என்றால் நம் உடம்புக்கு மூன்றரை மணி. பெல்ட் விளக்கு அணைய, சாப்பாடு கொடுத்துத் தட்டை எடுக்க, இறங்குவதற்கு முன் விளக்கைப் போட்டு எழுப்ப என்று போகும் நேரத்தையெல்லாம் கழித்தால், தூங்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். மிஞ்சிப்போனால் இரண்டரை. இந்தக் கணக்கைப் போடாமல் ‘ஏறினதும் தூங்கிடலாம்’ என்று நம்பிப் போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

தூக்கத்தை முதலில் தின்பது சாப்பாடுதான். மூன்று மணி நேரம் முன்னால் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும் என்பதால் ஏழரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். வழியனுப்ப வந்தவர்களோடு பிரியாணியோ பரோட்டாவோ ஒரு கட்டு கட்டுகிறோம். அல்லது ‘ஃப்ளைட்ல குடுப்பாங்க’ என்று பட்டினியாக ஏறுகிறோம். இரண்டுமே வேண்டாம். மாலை ஆறரை, ஏழுக்குள் வீட்டிலேயே இட்லி, தயிர்சாதம் என்று லேசாக முடித்துவிட்டு, விமானத்தில் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லித் தூங்குங்கள். டிக்கெட்டோடு காசு கொடுத்த சாப்பாட்டை விடுவதற்கு மனசு வராது, உண்மைதான். ஆனால் நள்ளிரவு 12 மணிக்கு மேல் சாப்பிட்டு, தட்டை எடுக்கும்வரை முன்மேசையை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரத் தூக்கம் போய்விடும். சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், முன்கூட்டியே சைவ உணவு என்று சிறப்பு உணவாகப் பதிந்துவிடுங்கள். அதைப் பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்பே கொண்டுவந்து தருவார்கள்.

கொண்டைக்கடலை, பூரிக்கிழங்கு, சோடா இவற்றை அன்று தொடாதீர்கள். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் வைக்கப்படுகிறது. ஊட்டியே ஏறக்குறைய 7,350 அடிதான். அந்த அழுத்தத்தில் வயிற்றிலுள்ள வாயு நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கூடுதலாக விரியும். ‘ஃப்ளைட்டில் ஏறினாலே வயிறு உப்புசம்’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டில் குடிக்கும் காபியும் வேண்டாம். காபியிலுள்ள காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகும். அதாவது நீங்கள் கண்ணை மூட நினைக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் இரத்தத்தில்தான் இருக்கும். மது இன்னும் மோசம். உடனே கண் சொக்கும், ஆனால் தூக்கம் அரைகுறையாகத்தான் வரும். 2024-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், மது அருந்திவிட்டு விமானக் காற்றழுத்தத்தில் தூங்கிய ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இரத்த ஆக்ஸிஜன் 85 சதவீத அளவுக்கு இறங்கியது, இதயத் துடிப்பு ஏறியது. இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் ‘ஒரே ஒரு கிளாஸ்’ என்றுகூட ஆரம்பிக்கக் கூடாது என்பேன்.

தூக்கத்துக்காகச் சளி மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. அதன் மயக்கம் இரண்டு மணி நேரத்தில் தெளியாது. இமிக்ரேஷன் வரிசையிலும் தலை கிறுகிறுக்கும். காலை மடக்கியபடி அசையாமல் கிடப்பது வேறு. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், முன்பே கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

சீட் விஷயத்தில் கடைசி வரிசையையும், அவசர வழிக்கு முந்தைய வரிசையையும் தவிருங்கள். பெரும்பாலும் சாயாது. முதல் வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு. ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அங்கேதான். தூங்க ஜன்னலோரம் நல்லது: சாய ஒரு சுவர், ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று எழுப்ப ஆள் கிடையாது. சர்க்கரை வியாதியால் அடிக்கடி எழ வேண்டிய அப்பா அம்மாவுக்கு மட்டும் நடைபாதை ஓரத்தையே போடுங்கள். ஜன்னலோரத்தில் உட்காரவைத்தால் பக்கத்தில் தூங்குபவரை எழுப்பக் கூச்சப்பட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அவர்களுடைய மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

கழுத்துத் தலையணையை எல்லோரும் தடிமனான பகுதி பிடரியில் வரும்படிதான் மாட்டுகிறார்கள். அது தலையை முன்னால் தள்ளும், கண் அசந்ததும் தாடை தொங்கிவிடும், திடுக்கென்று விழிப்பு வரும். அந்தப் பகுதியைத் தாடைக்குக் கீழே வரும்படி திருப்பி மாட்டிப் பாருங்கள். பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க உங்களைத் தட்டி எழுப்ப மாட்டார்கள். மலிவுக் கட்டண விமானங்களில் போர்வை சும்மா கிடைக்காது, குளிரோ நிச்சயம் உண்டு. சால்வையும் சாக்ஸும் கையோடு இருக்கட்டும்.

விமானம் இறங்கத் தொடங்கும்போது தூங்கிக்கொண்டே இருப்பதும் தவறுதான். தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறையும், காது அடைத்துக்கொள்ளும். தரையிறங்க அரை மணி இருக்கும்போதே எழுந்து மிட்டாய் ஒன்றைச் சப்புங்கள். குழந்தைக்கு அந்த நேரத்தில் பாலோ தண்ணீரோ கொடுங்கள்; இறங்கும்போது வீறிட்டு அழும் குழந்தைகள் பலரும் காதுவலியால்தான் அழுகிறார்கள்.

சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய வருகை அட்டையைத் தரையிறங்கிய பிறகு, தூக்கக் கலக்கத்தில் போனில் நிரப்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக, மிச்சப்படுத்திய அந்த ஒரு நாள். ஹோட்டல் அறை பெரும்பாலும் மதியம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை வயதானவர்களை வெயிலில் கார்டன்ஸ் பை தி பே, மெர்லயன் என்று இழுத்தடிக்காதீர்கள். முடிந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்தே அறை போடுங்கள். இல்லையேல் சீக்கிரம் அறை தர முடியுமா என்று முன்பே கேட்டுவையுங்கள். குளித்து, இரண்டு மணி நேரம் தூங்கி, மதியச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்குப் போனால் போதும். மாலை வரை தூங்கவிட்டால் மட்டும் அன்றிரவுத் தூக்கமும் போய்விடும்.