எழுபது சத அரிசியை வைத்துக் கதை எழுதுவது எப்படி

அரிசி விலையேற்றத்தை எதிர்த்து 1953இல் இலங்கையில் நடந்த ஹர்த்தாலை, அதாவது பொது வேலைநிறுத்தத்தை, கதையாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் செங்கொடியோடும் மேடைப் பேச்சோடும் தொடங்குகிறார்கள். நான் பங்கீட்டு அரிசி விற்ற கூப்பன் கடையில்தான் தொடங்குவேன்.

அந்த ஜூலையில் அரசு மானியத்தை வெட்டியதும் அரிசி ஒரு கொத்து (அரிசி அளக்கும் அளவு) 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. உங்கள் கதாநாயகி கொழும்பில் கொட்டாஞ்சேனை முடுக்கொன்றில் இருந்துகொண்டு வீட்டுவேலைக்குப் போகிறவள் என்று வையுங்கள். நாலு கொத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தவள் இனி 2 ரூபாய் 80 சதம் எண்ணி வைக்க வேண்டும். கூடுதலாகத் தேவைப்பட்ட காசுக்கு என்ன செய்தாள்? தோட்டை அடகு வைத்தாளா, வேலை செய்யும் வீட்டு நோனாவிடம் முன்பணம் கேட்டாளா, யார் தட்டில் சோறு குறைந்தது? அதே வெட்டில் பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் போய்விட்டது. இந்தக் கணக்கை முதலில் தாளில் போடுங்கள். பாதிக் கதை அதிலேயே கிடைத்துவிடும்.

வயதானவர்களிடம் "ஹர்த்தால் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், பேப்பரில் வந்ததைத்தான் சொல்வார்கள். "அந்தக் கிழமை என்ன சமைச்சீங்க?" என்று கேளுங்கள். எங்கள் பெரியம்மா மரவள்ளிக் கிழங்கில் ஆரம்பித்து, கடன் தர மறுத்த கடைக்கார முதலாளியின் குணம்வரை போய்விட்டார். தலைவர்கள் பெயர் ஒன்றுகூட வரவில்லை. எனக்கு அது போதும்.

ஹர்த்தால் நடந்த ஆகஸ்ட் 12 ஒரு புதன்கிழமை. நாட்கூலிக்காரிக்கு வேலைநிறுத்தம் என்றால் அன்றைய காசு இல்லை. ஆகவே அவள் உற்சாகமாகக் கோஷம் போட்டாள் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். கோபமும் இருக்கும், வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். அன்று அமைச்சரவை கூடியது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்துபோகிற தூரம்தான், ஆனால் அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. பிறகு குழாயடியில் வதந்தியாக வரட்டும்.

அவள் இந்திய வம்சாவளி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்தவளாக இருக்கலாம். பிறகு வாக்கு ஏது? தேர்தல் வந்தாலும் அவள் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், தகர வாளி. வெளிச்சத்துக்குக் குப்பி லாம்பு. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவோடு அவள் அரைகுறைச் சிங்களம் பேசட்டும். சுவடிகள் திணைக்களத்தில் அந்த மாத வீரகேசரிப் பத்திரிகையை எடுத்தால் தலைப்புச் செய்தியைச் சீக்கிரம் தாண்டி, விளம்பரங்களையும் உள்பக்கத் துண்டுச் செய்திகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.