முதுகு ஊசியில் நாம் செய்யும் தவறுகள்

"ரத்தம் நல்லாயிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாருல்லா, பொறவு எதுக்குய்யா முதுகுல குத்துதாவ?"

அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் ஆச்சி என்னிடம் கேட்டது. மருமகனுக்கு ஆறு வயது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய். ஆச்சி கேட்டதில் நியாயம் இருக்கிறது. பெரிய தவறும் அங்கேதான் தொடங்குகிறது.

கையில் ஏற்றும் கீமோ மருந்துகளில் பல, மூளைக்குள் போதிய அளவு போய்ச் சேராது. புற்றணுவோ மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரில் போய் ஒளிந்துகொள்ளும். 1960களில் ரத்தத்தில் நோய் அடங்கிய குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் மூளைப் பக்கமாகத் திரும்ப வந்தது. அமெரிக்காவில் டொனால்ட் பின்கெல் குழுவினர் தலைக்குக் கதிர்வீச்சும், முதுகு வழியாக அந்த நீருக்குள்ளேயே மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தும் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று பெரும்பாலான குழந்தைகளுக்குக் கதிர்வீச்சே வேண்டாம், முதுகு ஊசி போதும். அதனால்தான் முதல் பரிசோதனையில் நீர் சுத்தமாக இருந்தாலும் ஊசியை விடுவதில்லை.

பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் "கோவில் கொடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம். நோய் அடங்கிய பின் வரும் பராமரிப்புக் கட்டத்தில் பல இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஊசி. அதில் ஒன்றை விடுவது சின்ன விஷயமில்லை.

கால் விளங்காமல் போகும் என்ற பயம் வேறு. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே. மயக்கம் கொடுத்து ஊசி போடுவதால், உண்மையில் கவனிக்க வேண்டியது வெறும் வயிறுதான். பிள்ளை வாடுகிறதே என்று மறைத்து ஒரு வாய் பால் கொடுத்தால், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம்.

பக்கத்துக் கட்டில் பையனுக்கு டீ குடிக்கும்போது ஒரு ஓரமாக வழிந்திருக்கிறது. தூங்கும்போது ஒரு கண் மூடவில்லை. "காத்து அடிச்சிருக்கும்" என்று பத்து நாள் எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். இந்த நோய் உள்ள பிள்ளைக்கு வாய் கோணினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நோய் மூளைப் பக்கம் போயிருக்கலாம்; அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். தலைவலியிலும் வித்தியாசம் உண்டு. ஊசிக்கு மறுநாள் எழுந்தால் வலித்து, படுத்தால் குறைவது பெரும்பாலும் ஊசியால் வருவது. விடியற்காலையில் வாந்தியோடு வருவது வேறு. அதைச் சூடு என்று ஒதுக்காதீர்கள். எதுவானாலும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

நோய் என்னவென்று தெரியும் முன்பே கால்வலிக்கும் காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது. அது புற்றணுவைக் கொஞ்சநாள் அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும்.

அப்புறம், ஊசி போட்டதும் பஸ்ஸுக்கு அவசரப்படுவது. மருந்து மேலே மூளை வரை பரவ, டாக்டர் சொல்லும் நேரம் வரை தலையணை இல்லாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். மருமகன் காற்றாடியைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் எத்தன நிமிசம் மாமா?" என்பான். பாபநாசம் வண்டி ஒன்று போய்விடும். அடுத்ததில் போவோம்.