தார் ரோட்டு வண்டியா, சேற்று வண்டியா? எஸ்யூவி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூர் பக்கம் இருக்கும் எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் ஒரே வாழ்க்கைதான். வாரம் முழுக்க சில்க் போர்டு நெரிசல், மாதம் ஒரு தடவை ஓசூர் தாண்டி ஊர். கார் வாங்கப் போகும்போது மட்டும் மனசு அந்த ஒரு தடவையை நினைத்துக்கொண்டு முடிவெடுக்கிறது. சிலர் வண்டியின் உயரத்தைப் பார்த்தே ஏமாந்துவிடுகிறார்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி எண்ணை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. ஹூண்டாய் கிரெட்டா 190 மி.மீ., மாருதி ஜிம்னி 210, மஹிந்திராவின் மூன்று கதவு தார் 226. கிரெட்டாவுக்கும் தாருக்கும் இடையே இரண்டு விரல் அகலம்தான். உண்மையான வித்தியாசம் அடியில் இருக்கிறது. கிரெட்டா மோனோகாக், அதாவது பாடியே சட்டமும். இன்ஜின் முன் சக்கரங்களை மட்டும் இழுக்கும். தாரும் ஜிம்னியும் ஏணி மாதிரியான தனி சேஸி மேல் நிற்பவை. நான்கு சக்கரத்தையும் இன்ஜின் சுற்றும் ஃபோர் பை ஃபோர் வகையில் 'ஃபோர் லோ' கியர் உண்டு. சக்கரம் மெதுவாக, ஆனால் பல மடங்கு பலத்தோடு சுற்றும்.

போன ஐப்பசியில் அஞ்செட்டி பக்கம் ஒரு வயல் பாதையில் நண்பரின் வண்டி மாட்டியது. பார்க்க மிடுக்கான, உயரமான எஸ்யூவி. முன் சக்கரம் இரண்டும் செம்மண்ணை வாரி அடித்துக்கொண்டு சுற்றின. பின் சக்கரம் அசையவே இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க பள்ளம்தான் ஆழமானது. கடைசியில் டிராக்டர் வந்து இழுத்தது. வண்டியைக் குறை சொல்ல முடியாது, அது அதற்காகச் செய்ததே இல்லை.

இதன் மறுபக்கமும் தவறுதான். வருடத்தில் இரண்டு நாள் சேற்றுக்காக 363 நாள் முரட்டு வண்டியில் அல்லாடுவது. இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டில் இணைக்கும் ரிஜிட் ஆக்ஸில் பாறையில் அருமையாக வேலை செய்யும். ஆனால் ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் அந்த அடி மறுபக்கத்துக்கும் போகும். மூன்று கதவு ஜீப் ஒன்றில் என் அம்மா ஏறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. முன் சீட்டை மடக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சீட் பெல்ட்டைக் கயிறு மாதிரி பற்றி உள்ளே போனார். இறங்கும்போது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, ஃபோர் பை ஃபோரே வாங்கிவிட்டீர்கள். மழை பெய்கிறது என்று நகரத்துத் தார் ரோட்டில் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் வேக கியர்) போட்டு ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இந்த வண்டிகளில் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. மண்ணில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். பிடிப்புள்ள ரோட்டில் அந்த முறுக்கெல்லாம், முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் ஏறும். ஸ்டியரிங் கனத்து, வண்டி திணறினால் அதுதான் காரணம்.

தண்ணீர் விஷயத்தில் எந்த வண்டிக்கும் வீரம் வேண்டாம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியதை நாம் பார்த்தோமே! தாருக்கு 650 மி.மீ. வரை என்று கம்பெனியே சொல்கிறது. அது மெதுவாக ஊர்ந்து போவதற்கு. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீரை அமுக்க முடியாததால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் நடுத்தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி வெளியே எடுங்கள். இன்ஷூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ஷன் சேர்த்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அப்புறம், புல் பார், அதாவது பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே கூடாது என்று சொல்லிவிட்டது. மோதலில் ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கும். எதிரே நடந்து வருபவருக்கும் ஆபத்து. பெரிய கட்டை வைத்த மண் டயரும் நகரத்துக்கு வேண்டாம். இரைச்சல் ஒரு பக்கம், ஈர ரோட்டில் பிரேக் பிடிப்பு குறைவது இன்னொரு பக்கம்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் முன்னால் ஒரு சுற்று போதாது. வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் பேஸ்மென்ட் சரிவில் இறக்கி ஏற்றுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் பின் சீட்டில் அவரே ஏறி, அவரே இறங்கட்டும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.