11 மாதத் தாளைக் கொழும்புக்குக் கொண்டு வராதீர்கள்

தமிழ்நாட்டில், நம் ஊரில் வீடு வாடகைக்கு விட்டவர்களுக்கு அந்த வாடகை ஒப்பந்தத் தாளைத் தெரியும். முத்திரைத்தாள், 11 மாதம், இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான். என் நண்பன் கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் வாங்கிய வீட்டுக்கும் அதையே செய்தான்.

வாங்குகிற கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் விடாது. தொடர்மாடியில், அதாவது அடுக்குமாடியில், வீடு வாங்கலாம். முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பிறகுதான் உறுதி எழுத முடியும். உறுதி என்றால் நம் பத்திரம்.

மாணவர்களுக்குப் பஞ்சமே இல்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று படிக்க வருகிற பிள்ளைகள் பலர் தேடுவது வெள்ளவத்தையைத்தான். காலி வீதியில் இறங்கினால் பஸ், பக்கத்திலேயே இடியப்பக் கடை, கோயில். எனக்கே ஊர் ஞாபகம் வந்தால் அங்கேதான் போய் நடப்பேன். நண்பனுக்கும் மூன்று பையன்கள் உடனே கிடைத்தார்கள்.

தரகர் அப்போதே சொன்னார்: "நொத்தாரிசிட்ட போய் லீஸ் எழுதுங்கோ அண்ணை." இவனுக்கு இரண்டு சொல்லும் குழப்பம். நொத்தாரிசு ஏதோ நோட்டீஸ் என்று நினைத்தான். லீஸ் என்றால் நம் பக்கத்தில் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவது, அது நமக்கு வேண்டாமே என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். ஒரே தமிழ்தானே என்ற தைரியம்! இங்கே லீஸ் என்பது சாதாரண வாடகைக் குத்தகை. நொத்தாரிசு என்பவர் அதை எழுதி அத்தாட்சிப்படுத்துகிற சட்டத்தரணி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதியிருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து அதுதான் சட்டம்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கையெழுத்துப் போட்ட பையன் ஆஸ்திரேலியா போனான். அவன் கட்டிலுக்கு மச்சான் வந்தான், மச்சானோடு படித்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒன்றரை வருடத்தில் தாளில் பெயர் உள்ள ஒருவனும் வீட்டில் இல்லை. நான்கு மாத வாடகை நின்றது. கரண்ட் பில் வேறு: இங்கே அலகு கூடக் கூட விலையும் ஏறும், ஒரே மீட்டரில் ஐந்து பேர். கேட்கப் போனால் தேநீர் கொடுத்து உட்காரவைத்து, "நாங்கள் ஒண்டிலயும் சைன் வைக்கேல்லையே அண்ணை" என்றார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் எரிச்சல்.

குத்தகை முடிந்தும் போகாதவர்களிடமிருந்து வீட்டைச் சீக்கிரம் மீட்க 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் சட்டத்தரணி இவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை வைத்து அந்த வழியில் போக முடியாது என்றார்.

ஆகவே பையன்கள் சாவி கேட்கும் முன்பே நொத்தாரிசிடம் போங்கள். தங்கப்போகிற ஒவ்வொருவர் பெயரும், அடையாள அட்டை இலக்கமும் அதில் இருக்கட்டும். பெற்றோர் ஒருவர் பிணை நிற்கட்டும். ஆள் மாறினால் புதிதாக எழுத வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். மீட்டர் கணக்கை முதல் நாளே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் பரீட்சை முடிந்து அவர்களாகவே போனார்கள். சமையலறையில் ஒரு புட்டுக் குழலை விட்டுப் போயிருந்தார்கள். நண்பன் இன்னும் அதில்தான் புட்டு அவிக்கிறான்.