எக்கோவில் இதயச் சுவரைப் பார்க்கப் பழகுவோம்: முதல் பாடம்

எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) அறைக் கதவைத் திறந்ததுமே உறவினர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "பம்பிங் எவ்வளவு சார்?" ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்தான் அது. புதிதாகக் கற்க வரும் மாணவர்களும் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுகிறார்கள். எண் கடைசியில் வரட்டும். முதலில் சுவர்களைப் பார்க்கக் கண் பழக வேண்டும். கார்டியாக் டெக்னீஷியன் படிப்பவர்களுக்கும், இதயப் பிரிவில் இப்போதுதான் சேர்ந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

படி 1: படுக்க வைப்பது

நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். இடக்கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் விலா எலும்புகளின் இடைவெளி விரியும், இதயமும் மார்புச் சுவரை ஒட்டி வரும். ஜெல் சில்லென்று இருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பெண் நோயாளி என்றால் துணைக்கு ஒரு பெண் இருக்கட்டும், மேலே போர்த்த ஒரு துணியும் இருக்கட்டும். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் நுரையீரல் குறுக்கே வந்து படத்தைக் கெடுத்துவிடும்.

ஈசிஜி ஒயர்களை மாட்டாமல் தொடங்காதீர்கள். இதயம் எப்போது விரிந்திருக்கிறது, எப்போது சுருங்குகிறது என்பதை அந்தக் கோட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். பெரியவர்களுக்கு 2 முதல் 4 மெகாஹெர்ட்ஸ் புரோப் (மார்பில் வைக்கும் கைக்கருவி) போதும்.

படி 2: ஐந்து படங்கள்

மார்பெலும்பின் இடது ஓரம், மூன்றாவது அல்லது நான்காவது விலா இடைவெளி. புரோபின் குறி வலது தோளைப் பார்க்கட்டும். இதுதான் பாராஸ்டெர்னல் லாங் ஆக்சிஸ், இதயத்தின் நீளவாட்டுப் படம். அங்கிருந்தே புரோபை நகர்த்தாமல், கடிகார முள் சுற்றும் பக்கமாக 90 டிகிரி திருப்பினால் ஷார்ட் ஆக்சிஸ், அதாவது குறுக்குவெட்டுப் படம். இடது கீழறை வடை மாதிரி வட்டமாகத் தெரியும். பாப்பில்லரி தசைகள் (வால்வைப் பிடித்திருக்கும் தசைகள்) இரண்டும் தெரியும் மட்டத்தில் நிறுத்துங்கள். இதயத் தசைக்கு ரத்தம் தரும் மூன்று கரோனரி குழாய்கள் ஊட்டும் பகுதிகளும் அந்த ஒரே வட்டத்தில் இருப்பதால், எனக்கு மிகவும் பிடித்த படம் இது.

அப்புறம் இதய நுனிக்கு வாருங்கள். குறியை நோயாளியின் இடப்பக்கம் வைத்தால் நான்கு அறைப் படம். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுமார் 60 டிகிரி திருப்பினால் இரண்டு அறைப் படம், இன்னும் அதே அளவு திருப்பினால் மூன்று அறைப் படம்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில், மாரடைப்பு வந்து தேறிய ஒருவருக்கு நான்கு அறைப் படம் எடுத்தேன். நுனி உருண்டையாக, நன்றாகச் சுருங்குவதாகத் தெரிந்தது. சந்தோஷமாகப் பதிவு செய்தேன். சீனியர் வந்து புரோபை ஒரு விலா இடைவெளி கீழே இறக்கி, சற்றே இடப்புறம் தள்ளினார். அறை சட்டென்று நீண்டது. நான் பார்த்தது நுனியே அல்ல. உண்மையான நுனி காகிதம்போல மெலிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. சாய்வாக வெட்டிய வாழைக்காயில் நுனி வராததுபோல, கோணம் தவறினால் இதய நுனி படத்திலேயே வராது. நுனி அதிகமாகத் துடிப்பதாகத் தெரிந்தால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள்.

படி 3: தடிக்கிறதா என்று பாருங்கள்

1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் உலோகக் குறைகளைக் கண்டறியும் கருவியை வைத்து இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஏறி இறங்கும் சில கோடுகள். நமக்கோ சுவர் முழுவதும், அதன் தடிமனோடு தெரிகிறது. அந்தத் தடிமனைப் பார்க்காமல் வெறும் அசைவை மட்டும் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் எல்லோருமா இழுக்கிறார்கள்? சிலர் கூடவே இழுபட்டு வருகிறார்கள். செத்த தசையும் அப்படித்தான். பக்கத்துத் தசை இழுப்பதால் அதுவும் உள்ளே வரும், ஆனால் தடிக்காது. விரிந்த நிலையில் 9 மி.மீ. இருக்கும் சுவர், சுருங்கும்போது 13 மி.மீ. அளவுக்கு வந்தால் அது உழைக்கும் தசை. 6 மி.மீ.க்கும் குறைவாக மெலிந்து, வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பெரும்பாலும் தழும்பு.

இதற்கு நேர்மாறும் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், பைபாஸ் முடிந்தவர்களுக்கும், இதயத்தின் மின்பாதையில் இடது கிளை அடைப்பு உள்ளவர்களுக்கும் செப்டம் (இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர்) தாறுமாறாக அசையும். தடிக்கிறது என்றால், அசைவை மட்டும் வைத்து மாரடைப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

பழகுவதற்கு ஒரு வழி: ஸ்கிரீனில் ஒரு சுவரைக் கையால் மறைத்துக்கொண்டு எதிர்ச் சுவரை மட்டும் நான்கைந்து துடிப்புகள் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல சுவர் கண்ணை இழுத்துக்கொள்ளும்.

படி 4: மதிப்பெண்

இடது கீழறையை 16 துண்டுகளாகப் பிரிக்கிறோம்: அடியில் (வால்வுப் பக்கம்) 6, நடுவில் 6, நுனியில் 4. நன்றாகத் தடித்தால் 1, குறைவாகத் தடித்தால் 2 (ஹைப்போகைனெடிக்), தடிக்கவே இல்லை என்றால் 3 (ஏகைனெடிக்), சுருங்கும் நேரத்தில் வெளியே புடைத்தால் 4 (டிஸ்கைனெடிக்). கூட்டி, பார்த்த துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் எல்லாம் சரியாக உள்ள இதயத்துக்கு 1 வரும்.

முன்சுவர், செப்டத்தின் முன்பகுதி, நுனி என்றால் எல்ஏடி குழாயை (முன்பக்கம் இறங்கும் இடது கரோனரி கிளை) நினையுங்கள். கீழ்ச்சுவருக்குப் பெரும்பாலும் வலது கரோனரி, பக்கச் சுவருக்குச் சர்கம்ஃப்ளெக்ஸ் (இடது கரோனரியின் இன்னொரு கிளை). ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

படி 5: இப்போது பம்பிங்

நான்கு அறை, இரண்டு அறை இரண்டிலும் அறையின் உள்விளிம்பை, விரிந்த நிலையில் ஒருமுறை, சுருங்கிய நிலையில் ஒருமுறை வரையுங்கள். பாப்பில்லரி தசைகளைச் சுவரோடு சேர்க்காமல் அறைக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். மெஷின் அறையை வட்டு வட்டாக அடுக்கிக் கொள்ளளவு சொல்லும். 120 மி.லி. நிரம்பி 50 மி.லி. மிஞ்சினால், வெளியேறியது 70, அதாவது 58 சதவீதம். ஆண்களுக்கு 52 முதல் 72, பெண்களுக்கு 54 முதல் 74 வரை இயல்பு. இரண்டு படங்களிலும் அறையின் நீளம் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஒன்றில் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது, திரும்ப எடுங்கள்.

55 சதவீதம் வந்தவருக்கும் கீழ்ச்சுவர் அசையாமல் இருக்கலாம், மற்ற சுவர்கள் அதன் பங்கையும் சேர்த்து உழைத்துக்கொண்டிருக்கும். அதனால் அறிக்கையில் சுவர்களை முதலில் எழுதுங்கள், எண்ணை அதற்குக் கீழே. ஏதாவது துண்டு தெளிவாகத் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், ஊகித்து 1 போடாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு துண்டுகள் தெரியாவிட்டால், அறையின் விளிம்பைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.